மாமனார் விட்டுச்சென்ற நாணய டப்பா: கராஜ் சேலில் விற்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 1974இல் இந்த நாட்டுக்கு வந்த என் மாமனார், கடைகளில் மீதிச் சில்லறையாகக் கிடைத்த நாணயங்களில் தம் கண்ணுக்கு வித்தியாசமாகப் பட்டவற்றையெல்லாம் நீல நிற பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைக் காலி செய்வதற்காக மே மாதம் கராஜ் சேல் (வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களை விற்பது) நடத்தப் போகிறோம். எண்ணிப் பார்த்ததில் சுமார் 1,100 பென்னி (ஒரு சென்ட்), 160 நிக்கல் (5 சென்ட்), 90 டைம் (10 சென்ட்), 140 குவார்ட்டர் (25 சென்ட்), 14 அரை டாலர், 8 பெரிய டாலர் நாணயங்கள் இருந்தன; இந்திய நாணயங்களும் பிற நாட்டு நாணயங்களும் ஏறக்குறைய 250 இருக்கும். ஒரு நாணயக் கடையில் டப்பாவைக் கையால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் 60 டாலர் தருவதாகச் சொன்னார்கள். நாங்களே விற்றால் என்ன விலை வைப்பது? புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகி நல்ல விலைக்குப் போகும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா? (மேசைமேல் பரப்பி எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புளிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற எதில் தவறு நேர்ந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதில் முடியாது. எந்த நாணயத்தையும் தேய்க்க வேண்டாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, பாத்திரம் துலக்கும் தூள் எதுவும் வேண்டாம். அறுபது எழுபது ஆண்டுகளில் செப்பு நாணயத்தின் மேல் படிந்த பழுப்பு நிறம்தான் அது இயல்பாக மூப்படைந்தது என்பதற்குச் சேகரிப்பாளர்கள் பார்க்கும் அடையாளம். புளியில் உள்ள அமிலம் அந்தப் படலத்தை அரித்துவிட்டால், அடியிலிருந்து இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த, உயிரற்ற ஒரு பளபளப்பு வெளிப்படும். லென்சில் பார்த்தால் தேய்த்த திசையிலேயே ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். இத்தொழிலில் இருக்கும் எவரும் அதை இரண்டு விநாடியில் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை என்னிடம் ஒருவர் 1877ஆம் ஆண்டின் இந்தியத் தலை சென்ட் (அமெரிக்கப் பழங்குடியினரின் தலையணி அணிந்த தலை பொறித்த ஒரு சென்ட் நாணயம்) ஒன்றைக் கொண்டுவந்தார். அவ்வரிசையில் மிகவும் தேடப்படும் ஆண்டு அது. அச்சிடப்பட்டவை 852,500 மட்டுமே. என்னிடம் காட்டுவதற்காகவே முந்தின இரவு உட்கார்ந்து பற்பசையால் துலக்கியிருந்தார். பாதி விலைக்கும் கீழேதான் என்னால் சொல்ல முடிந்தது. குத்துவிளக்கைத் துலக்கி வைப்பது மரியாதை என்று பழகிய கைகளுக்கு இது விநோதமாகத்தான் தோன்றும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த 60 டாலர். நீங்கள் எழுதிய எண்ணிக்கையை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 1,100 பென்னிக்கு 11 டாலர், 160 நிக்கலுக்கு 8, 90 டைமுக்கு 9, 140 குவார்ட்டருக்கு 35, அரை டாலர்களுக்கு 7, பெரிய டாலர்களுக்கு 8 என்று கூட்டினால் 78 டாலர் வருகிறது. அதாவது, பழமை, வெள்ளி, அருமை எதையும் கணக்கில் எடுக்காமல் வெறும் சில்லறையாகவே வங்கியில் கொடுத்தாலும், அவர்கள் சொன்னதைவிட 18 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கலந்து கிடக்கும் டப்பாவை எண்ணாமல் விலை கேட்டால், எண்ணாமல்தான் விலை சொல்வார்கள், அதுவும் தங்களுக்கு நட்டம் வராத விலையாகத்தான் சொல்வார்கள். பிரிக்காத நாணயத்துக்கு யாரிடம் போனாலும் இந்தக் கதிதான். ஆகவே கராஜ் சேலில் என்ன விலை வைப்பது என்பதைவிட, எவற்றைக் கராஜ் சேலுக்குக் கொண்டுவரவே கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதற்கு இரண்டு மாலை நேரமும், ஒரு பழைய துண்டும், ஒரு நல்ல லென்சும், ஒரு காந்தமும் போதும்.

துண்டை மேசைமேல் விரித்து முதலில் வெள்ளியைப் பிரித்தெடுங்கள். 1964ஆம் ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டுகளும் பொறித்த டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகியவற்றில் 90 சதவீதம் வெள்ளி உண்டு. 1965 முதல் டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளி அறவே இல்லை. ஆண்டைப் படிக்கக் கண் வலித்தால் விளிம்பைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு குவார்ட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கவாட்டில் நோக்கினால், பிற்கால நாணயங்களின் விளிம்பில் செம்பின் பழுப்புக் கோடு ஒன்று நடுவே ஓடும். வெள்ளி நாணயத்தின் விளிம்பு மட்டும் முழுதும் வெளிறித் தெரியும். நூறு நாணயத்தை இப்படிச் சலிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அரை டாலரில் ஒரு சிறு சிக்கல் உண்டு: 1965 முதல் 1970 வரையிலான கென்னடி அரை டாலர்களில் 40 சதவீதம் வெள்ளி இருக்கிறது, 1971 முதல் வந்த சில்லறையில் இல்லை. எனவே அந்தப் பதினான்கையும் ஆண்டு பார்த்தே பிரிக்க வேண்டும்.

நிக்கலில் வெள்ளி இருக்கும் என்று பெரும்பாலோர் நினைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் உலோகம் படைக்குத் தேவைப்பட்டதால், 1942இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை ஐந்து சென்ட் நாணயத்தை 35 சதவீத வெள்ளி கலந்து அடித்தார்கள். அவற்றை அடையாளம் காண்பதற்காகவே பின்புறத்தில், மாண்டிசெல்லோ மாளிகைக் குவிமாடத்துக்கு நேர் மேலே, பி, டி, எஸ் ஆகிய எழுத்துகளில் ஒன்றைப் பெரிதாகப் பொறித்தார்கள். நீங்கள் அனுப்பிய படத்தின் இடது ஓரத்தில், சற்றுக் கறுத்துப்போய்க் கவிழ்ந்து கிடக்கும் நிக்கலைப் பெரிதாக்கிப் பாருங்கள். குவிமாடத்தின் மேல் பி எழுத்து எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஒன்று இருந்தால் இன்னும் சில இருக்கக்கூடும்.

இந்த வெள்ளிக் குவியல் கராஜ் சேலுக்கு வரக்கூடாது. இதன் விலை உலோகச் சந்தையோடு நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. சனிக்கிழமை காலை பழைய மிக்சியும் குழந்தைச் சட்டையும் வாங்க வருபவர் அந்த விலையைத் தரமாட்டார், தரத் தெரிந்தவர் வந்தால் உங்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடுதான் வருவார். கணக்கு எளிது. அன்றைய வெள்ளியின் அவுன்ஸ் விலையை டைமுக்கு 0.0723, குவார்ட்டருக்கு 0.1808, அரை டாலருக்கு 0.3617, போர்க்கால நிக்கலுக்கு 0.0563, 40 சதவீத அரை டாலருக்கு 0.1479 என்ற எண்களால் பெருக்கினால் உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு கிடைக்கும். கணக்குக்காக அவுன்ஸ் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், டைம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டாலர் 60 சென்ட், குவார்ட்டருக்கு 9 டாலர், 1964 அரை டாலருக்கு 18 டாலர். கடைக்காரர் தம் இலாபத்துக்கு ஒரு பங்கு கழித்துக்கொண்டுதான் தருவார், அது நியாயமே. எண்ணி, எழுதி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். கையால் கிளறிய அந்தக் கடைக்கும் மறுபடி போகலாம். எண்ணிக்கை எழுதிய சீட்டோடு வருபவரிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

இனிப் பென்னிகள். பின்புறத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் உள்ளவை 1909 முதல் 1958 வரை வந்தவை. இங்கே எல்லோரும் வீட் பென்னி என்றே சொல்வார்கள். லிங்கன் நினைவகம் பொறித்தவை 1959இலிருந்து வந்தவை, அவற்றுக்கு ஒரு சென்ட்தான் மதிப்பு. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி அச்சிடுவது நிறுத்தப்பட்டதால் இனி எல்லாப் பென்னியும் அருமையாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். கோடி கோடியாக வீடுகளின் ஜாடிகளில் கிடக்கும் பொருள் நம் ஆயுளில் அருமையாகாது. கோதுமைக் கதிர் நாணயங்களிலும் பெரும்பாலானவை, குறிப்பாக 1940களையும் 1950களையும் சேர்ந்தவை, ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து சென்ட் பெறுமானமுள்ளவை. கராஜ் சேலுக்கென்றே பிறந்த சரக்கு இது. ஆனாலும் மேசைக்குக் கொண்டுவரும் முன் ஒவ்வொன்றின் ஆண்டையும், அதன் கீழுள்ள, அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் சிற்றெழுத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 1909 எஸ், 1914 டி, 1931 எஸ் ஆகியவற்றையும், ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும் 1955ஆம் ஆண்டு நாணயத்தையும் தனியே எடுத்து வையுங்கள். 1909 எஸ் நாணயத்தின் பின்புற அடியில் வி.டி.பி. என்ற வடிவமைப்பாளரின் தலைப்பெழுத்துகளும் இருந்தால் அது 484,000 மட்டுமே அடிக்கப்பட்ட நாணயம். இவற்றுக்குப் போலிகளும் மிகுதி என்பதால் கிடைத்துவிட்டதென்று உடனே மகிழவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

காந்தம் எதற்கென்றால், 1943ஆம் ஆண்டுப் பென்னிக்கு. அந்த ஓராண்டு செம்பைப் போருக்கு விட்டுவிட்டு, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும், காந்தத்தில் ஒட்டும். ஒன்று கால் டாலர், நன்றாக இருந்தால் அரை டாலர் என்று வைக்கலாம். செப்பு நிறத்தில் 1943 கிடைத்தால் பெரும்பாலும் எஃகுக்கு மேல் யாரோ செப்புப் பூச்சு பூசியதாகத்தான் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது.

பார்வைக்குப் பெரிய பொருளாகத் தோன்றி ஏமாற்றுபவை சில உண்டு. உங்கள் 140 குவார்ட்டர்களில் பாதியாவது, முரசு கொட்டும் வீரன் பொறித்த 1776–1976 இருநூற்றாண்டு நாணயமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்; அந்தத் தலைமுறையில் இங்கு வந்த நம்மவர் எல்லோர் வீட்டு டப்பாவிலும் அது இருக்கிறது. 160 கோடிக்கும் மேல் அடித்தார்கள், இன்றும் 25 சென்ட்தான். 1999 முதல் 2008 வரை வந்த மாநிலக் குவார்ட்டர்களும் அப்படியே. எட்டுப் பெரிய டாலர்களும் 1971–1978 காலத்து ஐசனோவர் டாலர்களாக இருந்தால், கடைச் சில்லறையில் வந்தவற்றில் வெள்ளி கிடையாது. ஆனால் உள்ளங்கையை நிறைக்கும் அளவும் கனமும் இருப்பதால் ஒவ்வொன்றும் இரண்டு டாலருக்குப் போய்விடும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு கராஜ் சேலில் இருநூற்றாண்டுக் குவார்ட்டர்களை "நான்கு ஒரு டாலர்" என்று வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் ஒருவர் பேரம் பேசி, நான்கை 75 சென்ட்டுக்கு வாங்கிச் சென்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேரத்தின் வேகத்தில், தாம் பணத்தையே தள்ளுபடியில் விற்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முகமதிப்புக்கு மேல் போகாத நாணயங்களை மேசையில் வைக்கவே வேண்டாம், நேரே வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

இந்திய நாணயங்களில் வெள்ளி ரூபாய் இருந்தால் அதுவும் தனி. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. மற்றபடி 1943–1947 ஓட்டைக் காலணா, 1968–1971 காலத்துத் தாமரை பொறித்த பித்தளை 20 பைசா, அறுகோண 3 பைசா, வளைவு வளைவான விளிம்புள்ள 10 பைசா எல்லாம் மலிவானவைதான். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் இந்தியாவிலும் செல்லாதவை ஆகிவிட்டன. ஆயினும் மேசையில் முதலில் தீர்வது இவைதாம் என்பது என் அனுபவம். நடுவில் ஓட்டை உள்ள காசையும், பூப்போல விளிம்பு மடிந்த காசையும் இங்குள்ள குழந்தைகள் வாழ்நாளில் பார்த்திருப்பதில்லை. நம்மூர்க்காரர் யாராவது வந்தால், அந்த 20 பைசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்தாக எடுத்துக்கொண்டு போவார். நான்கு ஒரு டாலர் என்று வையுங்கள். ஊரிலிருந்து உறவினர் யாரேனும் வாட்ஸ்அப்பில், பழைய ஐந்து ரூபாய் நாணயம் பல இலட்சத்துக்குப் போகிறது என்று செய்தி அனுப்பினால் பொருட்படுத்த வேண்டாம். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், நோட்டு விற்பனைக்குக் கட்டணமும் தரகும் கேட்பவர்களை நம்பவேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

இப்போது விற்பனை நாள். பெரும்பாலான ஊர்களில் கராஜ் சேலுக்கு டவுன்ஷிப் அனுமதி தேவைப்படும், அதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் "பழைய நாணயங்கள்" என்று போடலாம். "வெள்ளி" என்ற சொல்லும் உங்கள் முகவரியும் ஒரே அறிவிப்பில் வரக்கூடாது. நாணயங்களுக்கு அகலமான, ஆழமில்லாத மூன்று கிண்ணங்கள் போதும், நீங்கள் உட்காரும் நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒன்றில் கோதுமைக் கதிர்ப் பென்னிகள், பத்து ஒரு டாலர்; ஒன்றில் இந்திய, வெளிநாட்டு நாணயங்கள்; மூன்றாவதில் எஃகுப் பென்னி, பெரிய டாலர் போன்ற தனி விலைச் சரக்கு. ஒவ்வொரு நாணயத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டாதீர்கள். ஒட்டும் பசை உலோகத்தில் கறையாகத் தங்கிவிடும், ஆறு சென்ட் பொருளுக்கு அந்த உழைப்பும் தண்டம். விலைப் புத்தகத்தைப் பார்த்து விலை வைப்பதும் வேண்டாம். அதிலுள்ளது வியாபாரி விற்கும் விலை, அதுவும் அந்தந்தத் தரத்துக்கு.

பென்னிக் கிண்ணத்தின்மேல் ஓர் அட்டை வையுங்கள்: "உங்கள் தாத்தா பிறந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள்." இது ஒன்று போதும். பெற்றோர் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சலித்துப்போய் நிற்கும் பிள்ளை, கிண்ணத்தில் கைவிட்டு 1948ஐத் தேட ஆரம்பித்தால் இருபது நிமிடம் நகராது. 1948 கிடைத்த பின் பாட்டியின் 1951ஐத் தேடும். ஒரு டாலர் ஒன்று போக, பக்கத்தில் நிற்கும் அம்மா ஒரு விளக்கையோ வாணலியையோ வாங்கியிருப்பார். லென்சு ஒன்றை நூலில் கட்டிக் கிண்ணத்தருகே தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் வருவதற்கு முன்னரே, நீங்கள் கதவைத் திறக்காத நேரத்தில், சட்டைப்பையில் லென்சோடு ஒருவர் வந்து நிற்பார். "நாணயம் ஏதும் உண்டா, மொத்தமாக என்ன விலை?" என்பார். அவரும் மரியாதைக்குரிய வாடிக்கையாளரே. நானே இளமையில் அப்படித்தான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். மதியம் 12 மணிக்கு முன் மொத்த விலை இல்லையென்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முன்னதாகவே சலித்து வைத்திருப்பதால் அவர் கிண்ணத்தில் எதை எடுத்தாலும் உங்களுக்கு நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. சில்லறை கொடுக்கும் பெட்டி மட்டும் இந்தக் கிண்ணங்களிலிருந்து விலகி, இடுப்பிலேயே கட்டிக்கொள்ளும் பையாக இருக்கட்டும். கூட்டத்தில் கை மாறி, விற்பனை நாணயத்தையே மீதியாகக் கொடுத்துவிடுவது நான் பலமுறை பார்த்த விபத்து.

மாலையில் மிஞ்சும் கோதுமைக் கதிர்ப் பென்னிகளை ஐம்பது ஐம்பதாகப் பையிலிட்டு மூன்று டாலருக்குக் கொடுத்துவிடலாம். வெளிநாட்டுக் காசுகள் மீந்தால், அருகிலுள்ள நாணயச் சங்கத்துக்கோ, நாணயச் சேகரிப்புக்கென்றே தனித் தகுதிப் பட்டயம் வைத்திருக்கும் சாரணர் குழுவுக்கோ கொடுங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியாக, நான் தனியே வைக்கச் சொன்ன பென்னிகளில் ஏதேனும் ஒன்று கிடைத்தால், விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இரு பக்கத்தையும் படமெடுத்து இதே முகவரிக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்லும்வரை அது டப்பாவிலேயே இருக்கட்டும்.